செலவுப் பத்தி இல்லாத கணக்கு

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு ஒன்றில் வெளியூர்க் கல்லூரிகளின் பிரதிநிதியாக நான் அங்கம் வகித்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், பதினான்கு விஷயங்கள் அடங்கிய நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது விஷயத்தை நாங்கள் கையிலெடுத்த சமயம் சிற்றுண்டிச்சாலைப் பையன் மெதுவடைத் தட்டுகளைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினான் என்பதும், கடைசித் தட்டையும் வைத்துவிட்டுக் காப்பி எடுத்துவர அவன் திரும்பியபோது அந்த ஒன்பதாவது விஷயம் நிறைவேறிவிட்டிருந்தது என்பதும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு மறக்கவில்லை. இளங்கலைப் பொருளியலின் திருத்தியமைத்த பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பது என்பதுதான் விஷயம். தட்டச்சு செய்த இரண்டு தாள்கள் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. பருவவாரியாகப் பாடங்களின் பெயர்கள், அவற்றுக்குரிய மணிகள், மதிப்பெண்கள். தலைவர் "ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று கேட்டார். வடை சூடாக இருந்தது.

ஏற்கெனவே இருந்த ஒரு பாடத்தை நீக்குவதாக அந்தத் தாள்களில் எங்கும் ஒரு சொல் கிடையாது. புதிய பட்டியல் இருந்தது, அதில் அந்தப் பாடம் இல்லை, அவ்வளவே. இறுதியாண்டு மாணாக்கர்கள் பொங்கல் விடுமுறையில் தத்தம் ஊரில் பத்து வீடுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு வீட்டின் நிலபுலம், ஆடுமாடு, கிணற்றுப் பங்கு, கூலி, கடன், அன்றாட ஆகாரம் ஆகியவற்றை நீளக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதிவந்து, தை மாதக் கடைசியில் வகுப்பில் படித்துக்காட்ட வேண்டும் என்று விதித்திருந்த 'கிராமியப் பொருளாதாரமும் களப்பணியும்' என்ற தாள் இருந்த இடத்தில் 'வணிகத் தகவல் தொடர்பு' என்ற தாள் உட்கார்ந்திருந்தது. அன்றிரவு ஊர் திரும்பும் பேருந்தில், மடியில் கிடந்த காகிதங்களைப் புரட்டியபோதுதான் அதைக் கவனித்தேன். கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் அந்தத் தாளை ஏறக்குறைய இருபது வருஷம் நடத்தியவன் நான் ஒருவனே. ஒப்புதல் அளித்தோரின் வரிசையில் என் கையெழுத்து நான்காவதாக இருந்தது.

பொருளியல் ஆசிரியனுக்கு வரவு செலவுகளில் புத்தி போவது சகஜம். அதற்குப் பிறகு, சென்னைக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய பல்கலைக்கழகக் கலண்டர்களைப் புரட்டுவதை ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டேன். கலண்டர் என்றால் நாள் கிழிக்கிற சமாசாரம் அல்ல. சட்டம், விதி, பாடம், பரீட்சை, பட்டம் எல்லாவற்றையும் வருஷந்தோறும் தொகுத்துப் பல்கலைக்கழகம் வெளியிட்டுவந்த தடித்த புத்தகம். அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கிறவனுக்கு ஓர் உண்மை புலப்படாமல் போகாது. புதிதாக ஒரு துறை வந்தால் அது வந்த தேதி இருக்கும். ஒரு பட்டம் தோன்றினால் அதற்கான விதி இருக்கும். ஒரு பேராசிரியர் ஸ்தானம் ஏற்பட்டால் அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுகூட இருக்கும். ஒரு பாடம் போனதற்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றும் இராது. சென்ற ஆண்டுப் புத்தகத்தில் இருந்தது, இந்த ஆண்டுப் புத்தகத்தில் காணோம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வரவுப் பத்தி மட்டும் எழுதி, செலவுப் பத்தியை வரையாமலே விட்ட பேரேட்டை எந்த மளிகைக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். கல்விமான்கள் ஒன்றரை நூற்றாண்டாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி சட்டத்தின் மூலம் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பாடம் சொல்லித்தருகிற ஸ்தாபனமாக அல்லாமல் பரீட்சை நடத்துகிற ஸ்தாபனமாகவே ஏற்பட்டது. கற்பிப்பது கல்லூரிகளின் பாடு. கேள்வி கேட்பதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகத்தின் பாடு. ஆகையால் அந்நாளில் 'பாடம்' என்பதற்குக் 'கேட்கப்படக்கூடியது' என்பதற்கு மேல் அர்த்தம் இருக்கவில்லை. 1858இல் அதன் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும், சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும், வட்டுக்கோட்டையில் பயின்ற யாழ்ப்பாணத்தார். பிற்பாடு வழக்கும் நியாயமுமாக உத்தியோகம் பார்த்த தாமோதரம் பிள்ளை, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887இல் கலித்தொகையையும் ஏடுகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பட்டம் பெறுவதற்காக அவர் எழுதிய எந்தப் பரீட்சையிலும் அவற்றைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்க முடியாது. புத்தகமே இல்லாததைப் பாடமாக வைப்பது எப்படி? பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியே அதன் பாடப்பட்டியலுக்கு வெளியே இருந்ததைத் தேடிப் போனவர் என்பதை எண்ணும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். தமிழில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறுவதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் 1948இல் மு. வரதராசன் வரும்வரை தொண்ணூற்றொரு ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணும்போது அந்த ஆறுதல் போய்விடும்.

இதற்கு இடையில் 1902 வருகிறது. பாடத்திட்டத்திலிருந்து தமிழை அகற்றிவிட்டு வடமொழியை வைக்கலாம் என்ற யோசனை பல்கலைக்கழகத்தில் பிரஸ்தாபத்துக்கு வந்தபோது, கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும், ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே தமிழுக்கு உழைத்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும், முந்திய ஆண்டுதான் பிறந்திருந்த மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு அதை எதிர்த்து நின்றார்கள். பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட சாஸ்திரியார் அடுத்த ஆண்டிலேயே, முப்பத்து மூன்றாம் வயதில், காலமானார். இந்தக் கதையை நம்மவர்கள் மொழிப்பற்றின் கதையாகவே சொல்வார்கள். சொல்லட்டும், அதுவும் நியாயமே. ஆனால் எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. நீக்குவது என்ற யோசனை ஒரு காகிதத்தில் இருந்தது. யார் கொண்டுவந்தது, எங்கே விவாதிக்கப்படுகிறது, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. எதிராளிக்கு முகம் இருந்தால்தான் சண்டை போட முடியும். அந்த வகையில் 1902ஆம் ஆண்டு அதிகாரிகள் யோக்கியர்கள். எதைக் கொல்லப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொன்னார்கள்.

என் கையெழுத்தோடு போன அந்தத் தாளுக்கும் ஒரு வம்ச சரித்திரம் உண்டு. கர்ஸான் பிரபு காலத்தில், 1904இல், இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்து, பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்ற பின்பு, 1914ஐ ஒட்டிச் சென்னையில் இந்திய வரலாறு, இந்தியப் பொருளியல், ஒப்பியல் மொழிநூல் ஆகியவற்றுக்குத் தனிப் பேராசிரியர் ஸ்தானங்கள் உண்டாயின. பொருளியலுக்கு முதலில் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தின் ஆலைகளையும் பாங்குகளையும் வைத்து எழுதிய புத்தகங்களைச் சென்னை மாணாக்கனுக்கு நெட்டுருப் போட வைப்பதில் பிரயோஜனம் இல்லை என்று கண்ட அம்மனிதர், ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து மாணாக்கர் கையில் கொடுத்து, விடுமுறையில் சொந்தக் கிராமத்துக்குப் போய் அங்கே உள்ளதை உள்ளபடி எழுதிவரச் சொன்னார். ராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி என்று அந்தப் பையன்கள் எழுதிவந்தவற்றைத் தொகுத்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளியிட்டார்.

அந்த நூலின் பெருமை அது வெளிவந்ததோடு தீரவில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, அதே பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பி, எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று கேட்டு எழுதினார்கள். அது 1940இல் நூலாயிற்று. அறுபதுகளில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எண்பதுகளில் எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் இருவேல்பட்டுக்குத் திரும்பப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸும் ஜெயரஞ்சனும் நாகராஜும் போனார்கள். உலகில் எத்தனை கிராமங்களுக்கு இப்படித் தொண்ணூறு வருஷத்து ஜாதகம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? யார் நிலம் யார் கைக்குப் போயிற்று, பண்ணையாள் முறை எப்படிப் போயிற்று, கூலி நெல்லாக இருந்தது எப்போது பணமாயிற்று என்பதையெல்லாம் ஊகமாக அன்றிக் கணக்காகச் சொல்ல முடிவதற்குக் காரணம், 1916இல் ஓர் ஆசிரியர் தம் மாணாக்கனை அவன் வீட்டுக்கே அனுப்பிவைத்ததுதான். எங்கள் பல்கலைக்கழகத்துத் தாளை எழுதிவைத்த முன்னோர்கள், ஸ்லேட்டரின் பெயரைப் பாடத்திட்டத்தில் எங்கும் குறிப்பிடாவிட்டாலும், அவர் போட்ட வாய்க்காலில்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள். நான் அதில் என் பங்காக ஒரு விதியைச் சேர்த்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத விதி. பத்தாவது வீடு மாணாக்கனின் சொந்த வீடாக இருக்க வேண்டும்.

சேர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லா மாறுதலையும் வெறுக்கிற கிழவன் என்று நினைத்துவிடுவீர்கள். 1924இல் மாகாணக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், சம்பளத்துக்காகப் பல்கலைக்கழக நூலகர் உத்தியோகத்துக்கு வந்து, ஆரவாரமான வகுப்பறையை விட்டு ஆளரவமற்ற புத்தக அலமாரிகளுக்கு நடுவே உட்கார முடியாமல் தவித்து, மறுபடி கணிதத்துக்கே போய்விடத் துடித்தவர். பிறகு லண்டனுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரு கடையில், துண்டு துண்டாக இருக்கும் தகடுகளையும் திருகாணிகளையும் வைத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்ற மெக்கானோ பொம்மையைப் பார்த்து, அறிவின் பிரிவுகளையும் அப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு வேண்டியபோது வேண்டியபடி இணைக்கலாமே என்று கண்டுகொண்டார். 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறையில் தத்துவத்துக்கு ஆர், பூகோளத்துக்கு யு, சரித்திரத்துக்கு வி, பொருளியலுக்கு எக்ஸ். நாளைக்குப் பிறக்கப்போகிற சாஸ்திரத்துக்கும் அதில் இடம் உண்டு. அதே சமயம் இன்றைக்கு யாரும் படிக்காத சாஸ்திரத்தின் எழுத்தை அது பிடுங்கிக்கொள்வதில்லை. மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது என்று ஆர் என்ற எழுத்தை எடுத்து விளம்பரக் கலைக்குக் கொடுத்த நூலகர் எவரும் இல்லை. பாடத்திட்டக் குழுக்களின் தலைமைப் பொறுப்பை நூலகர்களிடம் ஒப்படைத்தால் என்ன என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

பல்கலைக்கழகமே கூட்டுக் குடும்பம் போலிருந்து பாகம் பிரிந்த கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர், 1966இல் மதுரை என்று பிரதேசங்களுக்குத் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. பிள்ளைகள் வளர்ந்தால் தனிக்குடித்தனம் போவது இயற்கை. அதற்குப் பின்பு பிரிந்தவை ஊர்கள் அல்ல, சாஸ்திரங்கள். 1971இல் வேளாண்மை கோயம்புத்தூரில் தனியானது. 1978இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி தனிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. 1988இல் மருத்துவமும், 1989இல் கால்நடை மருத்துவமும், 1997இல் சட்டமும் போயின. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் போன இடத்தில் செழித்தும் இருக்கிறது. ஆனால் முன்பு கல்விக்குழுக் கூட்டத்தில் அறுவை மருத்துவரும் சமஸ்கிருதப் பண்டிதரும் பாலம் கட்டுகிறவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவருடைய பாடத்திட்டத்தைப் பார்த்து மற்றவர் "இது எதற்கு?" என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களுக்குத் தம் பாடம் எதற்கு என்பது தெரிந்திருந்தது. இப்போது அவரவர் மேஜையில் அவரவர் ஆட்களே.

எங்கள் கல்லூரித் தத்துவத் துறை எப்படி இல்லாமல் போயிற்று என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன். எவரும் அதை மூடவில்லை. இன்டர்மீடியட் நாளில் விஞ்ஞானம் எடுக்காத பையன் சரித்திரத்தோடு தர்க்கமும் படித்தாக வேண்டியிருந்ததால் தத்துவ ஆசிரியருக்கு வகுப்பு நிறைய மாணாக்கர் இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்டர்மீடியட் போய்ப் புகுமுக வகுப்பு வந்தது. 1978இல் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வந்து புகுமுக வகுப்பும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பெயரளவுக்குக்கூடக் காதில் விழாத பாடத்தைக் கல்லூரி வாசலில் வந்து எந்தப் பையன் கேட்பான்? சேர்க்கை பன்னிரண்டாகி, ஏழாகி, மூன்றாயிற்று. மூத்த பேராசிரியர் ஓய்வுபெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் ஒருவருக்கு வாரத்துக்கு 16 மணி பணிச்சுமை காட்ட வேண்டும் என்பது கணக்கு. மூன்று பையன்களை வைத்துக்கொண்டு எத்தனை மணி காட்ட முடியும்? இளையவருக்கு மற்றத் துறை மாணவர்களின் மதிப்புக் கல்வி வகுப்புகளைக் கொடுத்தார்கள். காண்டையும் சங்கரரையும் கரைத்துக் குடித்த அந்த மனிதர், வரிசையில் நிற்பது, குப்பையைத் தொட்டியில் போடுவது, பெற்றோரை மதிப்பது ஆகிய விஷயங்களை வணிகவியல் மாணவர்களுக்கு நான்காவது மணியில், அதாவது எல்லோருக்கும் பசிக்கிற வேளையில், போதித்துக்கொண்டிருந்தார். அவரும் ஓய்வுபெற்ற பிறகு, அந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தை அச்சிடக் கொடுத்த எழுத்தர், "சார், பிலாசபி போடவா வேண்டாமா?" என்று கேட்டார். முதல்வர் அப்போது தொலைபேசியில் இருந்தார்; கையை மட்டும் அசைத்தார். அந்தக் கையசைப்புக்கு என்ன பொருள் என்று எழுத்தர் தாமே முடிவு செய்துகொண்டார். ஆவணம் என்று பார்த்தால் அந்தப் படிவம் ஒன்றுதான் உண்டு. அதிலும் இல்லாமையே ஆவணம்.

கேட்பாரில்லாத பாடத்தை எத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுவது என்பார்கள். வகுப்பில் தேவையையும் அளிப்பையும் இரண்டு கோடுகளாகப் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் விலை என்று எழுதியவன் நான். இந்த வாதத்தின் பலம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று அறியாமல் வெவ்வேறு திசையிலிருந்து வருவதாக நாம் பாவித்துக்கொள்வது பாடத்தின் சௌகரியத்துக்காக மட்டுமே. கல்வியில் பெரும்பாலும் அளிப்பு முன்னே போகும், தேவை பின்னே வரும். இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார் 1952இல் ஜி. என். ராமச்சந்திரனை அழைத்துவந்து கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையை ஒப்படைத்தபோது, படிகவியல் சொல்லித்தர வேண்டும் என்று எந்தத் தகப்பனாரும் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை. பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கொலாஜன் என்ற புரதத்தில் நாட்டம் கொண்ட ராமச்சந்திரன், கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து 1954இல் அதன் முப்புரி அமைப்பைச் சொன்னார். 1963இல் வெளிவந்த அவருடைய வரைபடத்தை உலகத்தில் புரதம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் இன்றுவரை அவர் பெயரால்தான் அழைக்கிறான். துறை ஏற்பட்டது, பிறகு ஆட்கள் தேடிவந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, எங்கள் கல்லூரியில் சுயநிதிப் பிரிவாக வந்த பி.சி.ஏ.வைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. சேர்க்கை நாளன்று மேஜைக்கு எதிரே நின்று, மஞ்சள் பையிலிருந்து மதிப்பெண் சான்றிதழை எடுத்து நீட்டிய ஒருவர், "பொருளியல் நல்ல பாடம் ஐயா" என்று நான் சொன்னதற்கு, "நல்லதாத்தான் இருக்கும் சார், நீங்க சொல்றீங்க. எம் மகளுக்கு மூணு வருசத்துல கையில ஒரு சம்பளம் வரணும். அதுக்கு மேல எங்களால தாங்காது" என்றார். கைத்தறிக்காரர், சாயம் படிந்த நகங்கள். அந்தப் பெண் பி.சி.ஏ.வில் சேர்ந்தாள், தேறினாள், நகரத்துக்குப் போனாள், தறியை நிறுத்திவிட்டுத் தகப்பனாரை உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். தத்துவத் துறையின் பழைய அறையில்தான் அவள் கணினி பழகினாள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடைபோட எனக்குத் தெரியவில்லை; வைக்கச் சொல்பவர்களுக்கும் தெரியும் என்று நான் நம்பவில்லை. என் ஆட்சேபம் கணினிக்கு அன்று. ஓர் அறையைக் கொடுப்பதற்கு முன், அதில் யார் குடியிருந்தார், அவரை எங்கே அனுப்புகிறோம் என்பதை ஒரு வரியாவது எழுதிவைக்காததற்கு.

பழைய பாடங்கள் எல்லாம் பொன் என்பதும் பொய். எங்கள் காலத்தில் பாதி ஆசிரியர்கள் மஞ்சளேறிய குறிப்புகளை வைத்துக்கொண்டு முற்றுப்புள்ளி, காற்புள்ளி உட்பட ஒப்பித்தார்கள், நாங்கள் எழுதினோம், அவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 1960இல் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனையாகத் தொடங்கியபோது, கலைச்சொல் எங்கே இருக்கிறது என்று ஏளனம் செய்தவர்கள் அந்தக் குறிப்புக்காரர்களே. எழுபதுகளில் நான் தமிழ்வழி வகுப்புக்குப் போய் நின்றபோது 'சமநோக்கு வளைகோடு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு கணம் நானே திகைத்தேன். ஒன்றைக் கொஞ்சம் குறைத்து மற்றொன்றைக் கொஞ்சம் கூட்டினாலும் மனத்துக்குத் திருப்தி அதேயாக இருக்கும் சேர்க்கைகளை இணைக்கிற கோடு என்று விளக்கி, சோறும் குழம்பும் என்று உதாரணம் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, எங்க வீட்டுல சோறு குறைஞ்சா கொழம்பைக் கூட்ட முடியாது, தண்ணியத்தான் கூட்டுவோம்" என்றான். வகுப்பு சிரித்தது. ஆங்கிலத்தில் நடத்தியிருந்தால் அவன் எழுந்திருக்கவே மாட்டான். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிற இந்நாளில், பரணில் இரண்டு சாக்குகள் கிடக்கின்றன; களப்பணித் தாள் உயிரோடு இருந்த காலத்து நீளக் குறிப்பேடுகள். கல்லூரி அவற்றை எடைக்குப் போட இருந்தபோது ரிக்ஷா வைத்து ஏற்றிவந்தேன். என் மனைவி அவற்றைக் கறையானின் பிதிரார்ஜிதம் என்பாள். சென்ற ஆவணியில் ஒரு நாள், தலை நரைக்கத் தொடங்கிய ஒருவர் வாசலில் வந்து நின்று, 1986ஆம் வருஷத்து மாணவன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, கூச்சத்தோடு, "ஐயா, அந்த நோட்டு இருக்குதா?" என்று கேட்டார். தாயார் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வந்திருந்தார். வீட்டில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்த காகிதம் ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் தவிர வேறொன்றும் இல்லையாம். அப்போதுதான் பத்தாவது வீடு ஞாபகத்துக்கு வந்ததாம்.

சாக்கைப் பிரித்துத் தேட அரைமணி நேரம் ஆயிற்று. அட்டையின் ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. உள்ளே மை நன்றாகவே இருந்தது. வீட்டு எண் 10. குடும்பத் தலைவர்: அம்மா. நிலம்: இல்லை. ஆடு: 2. கிணறு: இல்லை. நேற்று இரவு ஆகாரம்: கேழ்வரகுக் கூழ், வெங்காயம். கூலி: களை எடுப்புக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய். கடன் என்ற கட்டத்தில் முதலில் 'இல்லை என்றார்கள்' என்று எழுதி, அதன் கீழே சிறிய எழுத்தில், பரீட்சைக்கு மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தே எழுதியது போல, 'காதில் தோடு இல்லை' என்று எழுதியிருந்தது. பக்கத்து விளிம்பில் சிவப்பு மையில் என் சரி அடையாளம். அவர் கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கப் பார்த்தார். கை ஆடியதால் எழுத்து சரியாக விழவில்லை. நோட்டை ஜன்னலோரம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி எடுத்தார்.